கிம்மாஸ்: எல்லை நகரும் எழுதப்படாத நடுகல்லும்

முன்னுரை

ஜொகூர் மாநிலத்தின் வட எல்லையில், நெகிரி செம்பிலான் மாநிலத்தை ஒட்டிய இடத்தில் கிம்மாஸ் என்னும் சிறு நகரம் அமைந்துள்ளது. நகரின் பெரும்பகுதி நெகிரி செம்பிலானின் தம்பின் மாவட்டத்திற்கு உரியது. அதனை ஒட்டியுள்ள கிம்மாஸ் பாரு, ஜொகூரின் சிகாமட் மாவட்டத்திற்கு உரியது. கடைத்தெருவில் நடப்பவர் ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்திற்குச் சென்றுவிட்டதைப் பெயர்ப்பலகையைக் கண்டே அறிய முடியும். ஆயினும் எல்லை வெறுங்கோடு அன்று. 2014 முதல் 2024 முடியவுள்ள பதினோராண்டுகள் ஜொகூரில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை நாள்களாக இருந்தன. நெகிரி செம்பிலானில் சனியும் ஞாயிறும் விடுமுறை நாள்களாக இருந்தன. அக்காலத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒரு பக்கத்துத் தமிழ்ப்பள்ளி திறந்திருக்க, மறுபக்கத்துப் பள்ளி பூட்டிக் கிடந்தது. 2025ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து ஜொகூர் மீண்டும் சனி, ஞாயிறு விடுமுறைக்குத் திரும்பியது.

இந்நகரையும் இதனைச் சூழ்ந்த மூவார் ஆற்றுப் படுகையையும் நேரில் காணும் நோக்கத்துடன் நாம் மேற்கொண்ட பயணத்தின் அடிப்படையில் இக்கட்டுரை அமைகிறது. இப்பகுதியின் வரலாற்றை விளக்குவதும், அவ்வரலாற்றில் தமிழருக்குரிய பங்கு எவ்விடத்தில் பதிவாகியுள்ளது, எவ்விடத்தில் பதிவாகாமல் உள்ளது என்பதைச் சுட்டுவதும் இதன் நோக்கமாகும்.

ஆற்றுவழி

இருப்புப்பாதை வருவதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்னரே இப்பகுதி தீபகற்பத்தின் ஊடுவழியாக விளங்கியது. மூவார் ஆறு மேற்கே மலாக்கா நீரிணையில் கலக்கிறது. அதன் துணையாறுகளுள் ஒன்றான ஜெம்போல் ஆறு, கிழக்கே பகாங் ஆற்றை நோக்கி ஓடும் செர்த்திங் ஆற்றுக்கு மிக அருகில் வருகிறது. இரண்டிற்கும் இடைப்பட்ட சிறு மேட்டு நிலத்தில் படகுகளைக் கரையேற்றி இழுத்துச் சென்று மறு ஆற்றில் இறக்கினர். இழுத்தல் என்னும் பொருளுடைய மலாய்ச் சொல்லின் அடியாக அவ்விடம் ‘பெனாரிக்கான்’ எனப்பட்டது. தீபகற்பத்தின் தென்முனையைச் சுற்றிக் கடலில் செல்லாமல், மேற்குக் கடலிலிருந்து கிழக்குக் கடலை அடைய இவ்வழி உதவியது. 1511இல் மலாக்கா போர்த்துக்கீசியரிடம் வீழ்ந்தபோது சுல்தான் மாமுட் ஷா பகாங்கிற்குச் சென்றதும் இவ்வழியாகவே என்பர்.

மலாக்கா அரசின் நினைவுகள் இப்படுகை முழுவதும் காணப்படுகின்றன. மூவார் ஆற்றங்கரையிலுள்ள பாகோவில் சுல்தான் அலாவுதீன் ரியாட் ஷாவின் கல்லறை உள்ளது. சிகாமட் என்னும் ஊர்ப்பெயரை, மலாக்காவை விட்டுத் தப்பிவந்த பெண்டஹாரா ஒருவர் இவ்விடத்து நீரைப் பருகி, ‘மிகவும் குளிர்ச்சியாக உள்ளது’ என்னும் பொருளில் ‘செகார் அமாட்’ என்றதாகக் கூறி மக்கள் விளக்குவர். இது மக்கள் வழக்கிலுள்ள சொல்மூலமேயன்றி மொழியியல் முடிவு அன்று. ஆயினும் ஊர்ப்பெயருக்குக் கதை கற்பிக்கும் மனப்பாங்கு தமிழ்த் தலபுராணங்களை அறிந்த நமக்குப் புதியதன்று.

இதனோடு இணைத்து நோக்கத்தக்க மற்றொரு பெயர், கிம்மாஸ் நகருக்கும் சிகாமட்டுக்கும் இடையிலுள்ள ‘பத்து அன்னம்’ என்பதாகும். மலாயில் ‘பத்து’ என்பது கல்லைக் குறிக்கும். தமிழரோ அப்பெயரின் ஒலியைத் தம் மொழிக்குள் வாங்கிக்கொண்டு, கேட்பவர் மனத்தில் பத்து அன்னப்பறவைகள் தோன்றும்படி செய்துவிட்டனர். ஓர் இடத்தில் நெடுங்காலம் வாழ்ந்து உழைத்தவரே அவ்விடத்தின் பெயரைத் தம் நாவுக்கு ஏற்பத் திருத்திக்கொள்வர். இப்பகுதியில் தமிழர் வாழ்ந்தமைக்குக் கல்வெட்டு இல்லாவிடினும் இத்தகைய சொல்வெட்டுகள் உண்டு.

இருப்புப்பாதையும் எல்லையும்

ஆற்றுவழியின் இடத்தை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருப்புப்பாதை பிடித்துக்கொண்டது. அன்று நெகிரி செம்பிலான், ஐக்கிய மலாய் மாநிலங்கள் நான்கனுள் ஒன்று. ஜொகூர் அக்கூட்டமைப்பில் சேராத தனி அரசு. ஆகவே வடக்கிலிருந்து வந்த பாதையை ஜொகூர் பாரு வரை நீட்டுவதற்கு 1904இல் தனி உடன்படிக்கை தேவைப்பட்டது. அதன்படி அமைந்த பாதை 1909இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. மறு ஆண்டு கிம்மாசிலிருந்து பகாவ் நோக்கிக் கிழக்குக்கரைப் பாதையின் முதற்பகுதி திறக்கப்பட்டது. அப்பாதை காடுகளைக் கடந்து கிளந்தானின் தும்பாட்டை எட்ட 1931 வரை காலம் பிடித்தது. இவ்வாறு அரசியல் எல்லையாக இருந்த இடம் இரு பெரும் பாதைகள் கூடும் சந்திப்பாகவும் ஆயிற்று. கிம்மாஸ் நகரம் இச்சந்திப்பினால் வளர்ந்த ஊர்.

இப்பாதைகளை அமைத்துப் பேணிய உடலுழைப்பில் பெரும்பங்கு தென்னிந்தியத் தொழிலாளருடையது. அவருள் மிகப் பெரும்பாலோர் தமிழர். காடு வெட்டியும் மண் அணைத்தும் சரளை பரப்பியும் கட்டைகளைப் பொருத்தியும் அவர்கள் உழைத்தனர். நிலைய அலுவலகங்களிலோ யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தமிழர் எழுத்தராகவும் நிலைய அதிகாரியாகவும் பணியாற்றினர். ஒரே மொழி பேசிய இவ்விரு பிரிவினரும் வேறு வேறு குடியிருப்புகளில், வேறு வேறு சமூக நிலைகளில் வாழ்ந்தனர். மலேசியத் தமிழர் வரலாற்றை ஒரே சீரான கதையாக எழுத முற்படுவோர் இவ்வேறுபாட்டை மறத்தல் கூடாது.

பாதை சென்ற இடமெல்லாம் இரப்பர்த் தோட்டங்கள் தோன்றின. சிகாமட், லாபிஸ், பத்து அன்னம் வட்டாரங்களில் காடு அழிந்து பால்மரம் நிறைந்தது. ஒப்பந்தக்கூலி முறை 1910இல் தடைசெய்யப்பட்ட பின்னர்க் கங்காணி முறை மேலோங்கியது. கங்காணி தன் ஊருக்கே சென்று உறவினரையும் அண்டை அயலாரையும் திரட்டி வந்ததனால், தமிழகத்துச் சிற்றூர் ஒன்றின் சாதியமைப்பும் சிறுதெய்வ வழிபாடும் அப்படியே தோட்டத்து லயங்களுக்கு இடம்பெயர்ந்தன. உதவி பெற்றுக் குடியேறும் முறைக்கு இந்திய அரசு 1938இல் தடை விதிக்கும் வரை இது தொடர்ந்தது. இன்று பால்மரங்கள் நின்ற நிலத்தில் செம்பனை நிற்கிறது. லயங்கள் பலவும் மறைந்துவிட்டன. எனினும் பத்து அன்னம் வட்டாரத்துக் கோமாளி தோட்டத்தின் பெயர் தமிழ்ப்பள்ளி ஒன்றின் பெயரில் வாழ்கிறது. தோட்டம் மாறியும் பள்ளியின் பெயர் மாறாத இந்நிலையை நாடெங்கும் காணலாம்.

1942: இரு நினைவுச்சின்னங்கள்

கிம்மாசின் பெயரை உலகப் போர் வரலாற்றில் இடம்பெறச் செய்த நிகழ்ச்சி 1942ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் நடைபெற்றது. வடக்கிலிருந்து மிதிவண்டிகளில் விரைந்துவந்த சப்பானியப் படையை, நகருக்கு ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தொலைவில், கெமிஞ்சே சாலையிலிருந்த பாலத்தருகே ஆஸ்திரேலியாவின் 2/30ஆம் படைப்பிரிவு மறைந்திருந்து தாக்கியது. வீரர் பலர் கடந்துசெல்லும் வரை காத்திருந்து பாலத்தைத் தகர்த்து, இருபுறத்திலிருந்தும் சுட்டனர். மறுநாள் கிம்மாசுக்கு அருகில் மீண்டும் கடும்போர் நிகழ்ந்தது. பின்னர் அப்படை பத்து அன்னம் நோக்கிப் பின்வாங்கியது.

இவ்வெற்றி நிலைக்கவில்லை. அதே நாள்களில் மூவார் ஆற்றின் கீழ்ப்பகுதியைக் காக்க நிறுத்தப்பட்டிருந்த 45ஆம் இந்தியப் படையணி உடைந்தது. ராஜபுதனம், ஜாட், கார்வால் படைப்பிரிவுகளைக் கொண்ட அவ்வணியில் இளைஞர் பலரும் போதிய பயிற்சி பெறாதவர். பக்ரியிலிருந்து பின்வாங்கியோர் பாரிட் சூலோங் பாலத்தருகே சிக்குண்டனர். எடுத்துச் செல்ல இயலாமல் அங்கு விடப்பட்ட காயமுற்ற ஆஸ்திரேலியரும் இந்தியருமாக ஏறத்தாழ 150 பேர் கொல்லப்பட்டனர். இக்கொலைக்காகத் தளபதி நிஷிமுரா 1951இல் தூக்கிலிடப்பட்டார்.

பாலம் தகர்க்கப்பட்ட இடத்திலும் பாரிட் சூலோங்கிலும் நினைவுச்சின்னங்கள் உள்ளன. சிங்கப்பூரின் கிராஞ்சியிலுள்ள நினைவு மண்டபத்தில், கல்லறை அறியப்படாத 24,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இந்திய வீரர்களின் பெயர்களும் அவற்றுள் அடங்கும். போரில் இறந்தவனுக்குப் பெயர், படைப்பிரிவு, நாள் ஆகியன உண்டு. அவன் பேரன் எண்பதாண்டுகள் கழித்து வந்தாலும் விரல் வைத்துத் தடவிப் பார்க்க ஒரு வரி உண்டு.

வடக்கே சென்ற வண்டிகள்

கிம்மாஸ் சந்திப்பு கண்ட அடுத்த காட்சி போர்க்கள வரலாறுகளில் பெரிதாகப் பேசப்படுவதில்லை. சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளப் பாதை ஒன்றைச் சப்பானியர் 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தனர். போர்க்கைதிகள் 60,000க்கும் மேற்பட்டோர் அதில் ஈடுபடுத்தப்பட்டனர். அவருள் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சிங்கப்பூரிலிருந்து அவர்கள் மூடிய சரக்குப் பெட்டிகளில் ஏற்றப்பட்டுப் பல நாள் பயணமாகச் சயாமின் பான் போங்கிற்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஜொகூரிலிருந்து வடக்கே செல்லும் பாதை கிம்மாஸ் வழியாகவே செல்வது. 1942 சனவரியில் கிம்மாசைக் காக்கப் போரிட்ட அதே 2/30ஆம் படைப்பிரிவினர் பலர், 1943இல் கைதிகளாக அதே நிலையத்தைக் கடந்து சென்றனர்.

அப்பாதையில் கைதிகள் மட்டும் செல்லவில்லை. மலாயாவிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட தொழிலாளர் கொண்டுசெல்லப்பட்டனர் என்பது பொதுவான மதிப்பீடு. அவருள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி, சில மாத வேலை, உணவு, உறையுள் என்னும் உறுதிமொழிகளால் முதலில் ஆள் சேர்த்தனர். சென்றவர் திரும்பாமை கண்டு மக்கள் அஞ்சியபோது வலிந்து பிடித்துச் சென்றனர். வாந்திபேதி, மலேரியா, புண், பசி ஆகியவற்றுக்குப் பல்லாயிரவர் பலியாயினர். கைதிகளின் முகாம்களில் மருத்துவர் இருந்தனர். இறந்தோர் பட்டியலை மறைத்தேனும் எழுதிவைத்த அதிகாரிகள் இருந்தனர். தமிழர் முகாம்களில் இவ்விரண்டும் அரிது. போருக்குப் பின் கைதிகளின் எலும்புகள் திரட்டப்பட்டுப் பெயருடன் அடக்கம் செய்யப்பட்டன. தொழிலாளர் பலர் பாதையோரக் குழிகளிலேயே கிடந்தனர்.

இவ்விடத்தில் மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. பர்மா பாதைக்குத் தேவையான தண்டவாளங்களுக்காகக் கிழக்குக்கரைப் பாதையின் பெரும்பகுதி பெயர்க்கப்பட்டது. மலாயாக் காட்டில் தமிழர் உழைத்து இட்ட இரும்பு பெயர்க்கப்பட்டுச் சயாம் காட்டிற்குச் சென்றது. அதனை அங்கே மீண்டும் இடத் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர்.

நாள் தெரியாத சாவு

கிம்மாஸ் பாருவில், பாதையை ஒட்டிய சிறு கோயில் ஒன்றில், தோட்டத்தில் பிறந்து இருப்புப்பாதைத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரைச் சந்தித்தோம். எந்த ஆண்டு பிறந்தீர்கள் எனக் கேட்டதற்கு, தாம் பிறக்கும்போது தாத்தா சயாமிலிருந்து திரும்பவில்லை என்றும், பிறகும் திரும்பவே இல்லை என்றும் விடை கூறினார். குடும்பத்தின் காலக்கணக்கு அந்நிகழ்ச்சியைக் கொண்டே அமைந்திருந்தது. தாத்தாவிற்குத் திதி கொடுப்பது உண்டா என வினவினோம். இறந்த நாள் தெரியாமையால் ஆடி அமாவாசையன்று கொடுப்பதாகக் கூறினார். அவருடைய பாட்டி பல ஆண்டுகள் அதற்கும் உடன்படவில்லையாம். சாவைக் கண்டவர் எவரும் வந்து சொல்லாதபோது தாலியை எவ்வாறு கழற்றுவது என்பது அவ்வம்மையாரின் கேள்வி.

நாம் எடுத்துச் சென்றிருந்த வினாநிரல் அவ்விடத்தில் பயன்படவில்லை. இடப்பெயர்வு, தொழில், கல்வி எனப் பகுத்து எழுதியிருந்த வினாக்களுள் இக்கேள்விக்கு இடமே இல்லை. நாற்பதாண்டுகளுக்கு மேல் அயலில் இருந்த இச்செய்தியைக் கேளாமல், நாம் அயல்நாட்டு நூலகங்களில் மலாயாத் தொழிலாளர் பற்றிய அறிக்கைகளைப் படித்துக்கொண்டிருந்தோம் என்னும் உணர்வு எழுந்தது. அவ்வறிக்கைகள் வேண்டாதன அல்ல. எண்ணிக்கையை அவை தருகின்றன. பெயரைத் தருபவர் இத்தகைய முதியோரே. அவர் தம் தாத்தாவின் பெயரையும், அவர் தமிழகத்திலிருந்து வந்த ஊரையும், இருந்த தோட்டத்தையும் தயக்கமின்றிச் சொன்னார். அதற்கு முன் எவரும் அவரிடம் கேட்டதில்லை.

நடுகல் மரபும் நம் கடமையும்

இறந்துபட்டவனுக்குக் கல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு படிகளாக வகுத்துரைக்கிறது. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில் காதைகளின் பெயர்களே இம்முறையைப் பின்பற்றி அமைந்துள்ளன. நடுகல்லில் வீரனின் பெயரும் அவன் செயலும் பொறிக்கப்பட்டன என்பதைச் சங்கப் பாடல்களும் தமிழகத்தில் கண்டெடுக்கப்பட்ட கற்களும் உறுதிசெய்கின்றன. ஆநிரை மீட்டு இறந்த எளிய மறவனுக்கும் பெயர் எழுதிய மரபு நம்முடையது.

சயாமில் இறந்தோரைப் பற்றித் தமிழ் இலக்கியம் முற்றிலும் வாய் திறக்காமல் இருக்கவில்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய மலேசிய நாவல்கள் இத்துயரைப் பொருளாகக் கொண்டவை. இரண்டாவது நாவலின் தலைப்பே கல் இல்லாக் குறையைச் சொல்லுவது. அண்மைக் காலத்தில் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் தமிழ்த் தொழிலாளர் நினைவாக நடுகல் ஒன்றும் எழுப்பப்பட்டுள்ளது. இவை போற்றத்தக்கன. எனினும் மாண்டோரின் முழுமையான பெயர்ப்பட்டியல் நம்மிடம் இல்லை. கல் நடுதல் ஒரு நாளில் முடியும். பெயர் தொகுத்தல் பல்லாண்டுப் பணி. தொல்காப்பியர் கூறும் வரிசையில் ‘காட்சி’ என்பது தகுந்த கல்லைத் தேடிக் காண்பதாகும். நமக்கோ அதற்கும் முன்னதாகப் பெயரைத் தேடிக் காண்பது முதற்படியாகிறது.

இப்பணியைச் செய்வதற்கு ஏற்றவர் தமிழாசிரியரே என்பது எம் கருத்து. பல்கலைக்கழக ஆய்வாளர் ஓர் ஊருக்கு இருமுறை செல்வர். ஆசிரியர் அங்கேயே வாழ்கிறார். அவர் கைக்கெட்டும் சான்றுகள் சிலவற்றைச் சுட்டலாம்.

முதலாவது, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் சேர்ந்த மாணவர்க்குத் தந்தை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வேறொருவர் காப்பாளராகக் குறிக்கப்பட்டிருப்பின், அதன் காரணத்தை அக்குடும்பத்தாரிடம் வினவலாம். இரண்டாவது, கோயில் நன்கொடைப் பலகைகளும் வரவு செலவு ஏடுகளும். தோட்டம் மூடப்பட்டுக் கோயில் இடம்பெயரும்போது முதலில் தொலைவன இவையே. மூன்றாவது, தோட்டத்து இடுகாடுகள். செம்பனை மறுநடவின்போது கல்லறைகள் அழிய வாய்ப்புண்டு. நான்காவது, ஊர்ப்பெயர்களும் தோட்டப் பிரிவுகளின் தமிழ் வழக்குப் பெயர்களும். ஐந்தாவது, எல்லாவற்றிலும் முதன்மையானது, முதியோர் வாய்மொழி. சயாமுக்குச் சென்று மீண்டவர் இன்று நம்மிடையே காணக்கிடைத்தல் அரிது. அவர்தம் மக்கள் எண்பதைக் கடந்துவிட்டனர். இன்னும் சில ஆண்டுகளே நமக்கு உண்டு.

தொகுக்கும்போது இரண்டு நெறிகளைப் பேணுதல் வேண்டும். ஒன்று, சொல்பவரின் இசைவு; குடும்பத்துயரைப் பொதுப்பொருளாக்கும் உரிமை நமக்குத் தாமாக வந்துவிடாது. மற்றொன்று, வாய்மொழியை ஏட்டுச் சான்றோடு ஒப்பிடும் கவனம். உணர்ச்சி மேலீட்டால் எண்ணிக்கையைக் கூட்டுவது இறந்தோருக்குச் செய்யும் சிறப்பு ஆகாது. உறுதி செய்யப்பட்ட நூறு பெயர்கள், உறுதியற்ற ஓர் இலட்சம் என்னும் எண்ணைக் காட்டிலும் வலிமையுடையன.

முடிவுரை

கிம்மாஸ் இன்று மீண்டும் மாறிவருகிறது. சிரம்பான் - கிம்மாஸ் இரட்டைப் பாதையை இந்திய இரயில்வேயைச் சார்ந்த இர்கோன் நிறுவனம் அமைத்து 2013இல் நிறைவுசெய்தது. ஒரு நூற்றாண்டுக்கு முன் கூலியாட்களை அனுப்பிய நாடு, இம்முறை பொறியாளரை அனுப்பியது. 2015 முதல் பத்தாண்டுகள், வடக்கிலிருந்து வந்த மின்தொடர்வண்டிகளுக்குக் கிம்மாசே கடைநிலையமாக இருந்தது. தெற்கே செல்வோர் இங்கு இறங்கி வண்டி மாறினர். 2025இல் மின்தொடர்வண்டி சிகாமட்டுக்கும் அதற்கு அப்பாலும் நீண்டது. இனிப் பயணியர் பலரும் இந்நகரில் இறங்க வேண்டிய தேவையின்றிக் கடந்து செல்வர்.

ஆகவேதான் இறங்கிப் பார்க்க வேண்டும் என்கிறோம். ஆற்றுவழி, அரசுகளின் எல்லை, போர்க்களம், பாதைச் சந்திப்பு என நான்கு வகையாலும் இப்பகுதி மலேசிய வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. அந்நான்கனுள் இறுதியாகச் சொன்னதைத் தம் உழைப்பால் உருவாக்கியவரின் பெயர்கள் மட்டும் எந்தக் கல்லிலும் இல்லை. அவை இன்னும் சிலருடைய நாவில் உள்ளன. நாம் விடைபெறும்போது அப்பெரியவர் தம் தாத்தாவின் பெயரைச் சரியாக எழுதிக்கொண்டோமா என மீண்டும் ஒருமுறை கேட்டார். குறிப்பேட்டை அவரிடம் காட்டினோம். கண்ணாடியை அணிந்து, எழுத்தெழுத்தாகப் படித்து, ஓர் ஒற்றுப்பிழையைத் திருத்திக் கொடுத்தார்.